விரலுக்குத் தெரியும் அளவில் அதிர்வு: மெய்நிகர் மறுவாழ்வு சிகிச்சையில் தொடுகைப் பின்னூட்டத்தை அமைக்க முழுமையான வழிகாட்டி

பக்கவாதத்தால் வலது கை தளர்ந்துபோன ஒருவர் ஹெட்செட் அணிந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு மேசை, அதன்மேல் ஒரு டம்ளர், இரண்டும் திரைக்குள் மட்டுமே இருப்பவை. திரைக்குள் இருக்கும் கை டம்ளரைத் தொட்டதும் அவருடைய நிஜ விரலில் கட்டியிருக்கும் சிறு மோட்டார் அதிர வேண்டும். அதிரவும் செய்கிறது. ஆனால் அது அவருக்குத் தெரிந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பல அமைப்புகள் நடந்துகொண்டிருக்கின்றன. அதிர்வின் வலிமையை நிர்ணயித்தவர் பெரும்பாலும் ஆரோக்கியமான, இளவயதுப் பொறியாளர். தன் விரலில் வைத்துப் பார்த்து அவர் போதும் என்று நினைத்த எண்தான் அறுபது வயது நோயாளிக்கும் போகிறது. அந்த எண் நோயாளியின் தோலிலிருந்து வர வேண்டும் என்பதே என் கட்சி. அதை எப்படி எடுப்பது, எடுத்தபின் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். பிசியோதெரபிஸ்டுகள், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், இத்தகைய கருவி செய்யும் பயோமெடிக்கல் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. வீட்டில் யாரோ சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதால் படிப்பவர்களுக்கும் புரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் சிகிச்சை மந்திரமல்ல. பக்கவாத நோயாளிகளுக்கான மெய்நிகர் சிகிச்சை பற்றி 2017இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு காக்ரேன்) 72 ஆய்வுகளை, 2,470 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. கையின் செயல்பாட்டில் வழக்கமான சிகிச்சையைவிட இது மேலானது என்று அதில் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆகவே ஹெட்செட் மாட்டுவதால் மட்டும் எதுவும் வந்துவிடாது. அதற்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் தோலைப் பற்றி

உள்ளங்கை, விரல்களின் உட்பக்கம் ஆகிய முடியில்லாத தோலில் ஒரு கைக்குச் சுமார் 17,000 தொடு நரம்பிழைகள் வந்து சேர்கின்றன. ஸ்வீடனின் ஜோஹான்சனும் வால்போவும் 1979இல் கணக்கிட்ட எண்ணிக்கை இது. இவற்றில் நான்கு வகை உண்டு. மெர்க்கெல் வகை அழுத்தத்தையும் விளிம்பையும் சொல்கிறது. ருஃபினி வகை தோல் இழுபடுவதைச் சொல்கிறது. மெய்ஸ்னர் வகைக்குப் பொருள் வழுக்குவதும், 10 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான மெதுவான நடுக்கமும் தெரியும். ஆழத்தில் இருக்கும் பசினியன் வகைக்கு வேகமான அதிர்வுதான் பிடிக்கும். 200 முதல் 300 ஹெர்ட்ஸில் அது மிகக் கூர்மையாக இருக்கும். ஆரோக்கியமான விரல் நுனி 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவைக் கண்டுபிடித்துவிடும். 30 ஹெர்ட்ஸில் அதற்குப் பல மடங்கு அசைவு வேண்டும்.

கன்ட்ரோலர்களிலும் கையுறைகளிலும் வரும் சிறு மோட்டார்கள் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நன்றாக அதிரும். அதாவது, அவை முக்கியமாகப் பசினியனோடு மட்டுமே பேசுகின்றன. டம்ளரின் விளிம்பையோ கனத்தையோ அவற்றால் சொல்ல முடியாது. 'தொட்டாய்', 'விட்டாய்', 'இறுக்கம் கூடியது' என்பது மாதிரியான செய்திகளைச் சொல்லலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

பசினியனுக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. தொடும் பரப்பு பெரிதானால் அது இன்னும் குறைந்த அதிர்வையும் உணரும். அதிர்வு நீண்டாலும், ஏறக்குறைய ஒரு வினாடி வரை, அப்படியே. வயது ஏற ஏற அதன் கூர்மை குறையும். தோல் குளிர்ந்தாலும் குறையும். ஏசி அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த கையை அளந்து 'உணர்வில்லை' என்று எழுதிவிடக் கூடாது. முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள்.

பக்கவாதத்தில் விரல் நுனியும் நரம்பும் பொதுவாக நன்றாகவே இருக்கும். செய்தியைப் படிக்கும் மூளைப் பகுதிதான் அடிபட்டிருக்கும். பிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கையில் ஏதோ ஒருவகை உணர்வுக் குறை இருக்கிறது. நீரிழிவில் நரம்பே பழுதாகிறது. நம் ஊரில் ஒரே நோயாளிக்கு இரண்டும் இருப்பது சாதாரணம். அதனால் 'நல்ல கை'யை அளவுகோலாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் நம்புவதில்லை. அந்தக் கையும் குறைந்திருக்கலாம். ஒப்பிட்டுப் பாருங்கள், ஆனால் அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: யாருக்கு, யாருக்கு வேண்டாம்

கருவியை எடுப்பதற்கு முன் மேசையோரப் பரிசோதனை. கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழைகளால் தொட்டுப் பாருங்கள். செம்ஸ் வைன்ஸ்டீன் இழை என்று எல்லா மறுவாழ்வுத் துறைகளிலும் இருக்கும். 0.07 கிராம் இழை தெரிந்தால் லேசான தொடுகை சரியாக இருக்கிறது. 4 கிராம் அல்லது அதைவிடத் தடித்த இழைதான் தெரிகிறது என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது. அந்தக் கையில் கட்டும் பட்டை, கையுறை, கம்பி எல்லாமே புண்ணாக்கக் கூடியவை. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னும் பின்னும் தோலைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் கட்டைவிரலை மேலும் கீழுமாக அசைத்து 'எந்தப் பக்கம் போகுது?' என்று கேளுங்கள். மூட்டின் நிலை தெரியாதவருக்குத் தோல் அதிர்வு மட்டும் போதாது. இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தொட்டும் பாருங்கள். தனியாகத் தொட்டால் தெரிகிற கை, இரண்டையும் சேர்த்துத் தொடும்போது காணாமல் போகலாம். வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இது அடிக்கடி இருக்கும். அப்படிப்பட்டவருக்கு இரு கைகளிலும் ஒரே நேரத்தில் அதிர்வு வரும் விளையாட்டைக் கொடுத்தால், பாதிக்கப்பட்ட கையின் செய்தி முழுவதும் வீணாகும்.

லேசாகத் தொட்டாலே எரிகிறது, வலிக்கிறது என்பவருக்கு அதிர்வு வேண்டாம். கை வீங்கி, சிவந்து, தொடவிடாமல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிப்பு வரலாறு இருந்தால் ஹெட்செட் பற்றியும், பேஸ்மேக்கர் இருந்தால் மின்தூண்டல் வகைக் கருவிகள் பற்றியும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்காதீர்கள். தசைநார் மேல் மோட்டாரை வைக்கவும் கூடாது. தசைநாரை 80 ஹெர்ட்ஸ் அளவில் அதிர வைத்தால், அசையாத கை அசைவதுபோல் தோன்றும் என்பது 1972 முதலே தெரிந்த விஷயம். இறுக்கம் உள்ள தசையை அது இன்னும் இறுக வைக்கவும் கூடும்.

படி 2: கருவியை அளங்கள்

மென்பொருளில் '50' என்று கொடுத்தால் விரலில் எவ்வளவு வருகிறது? இது தெரியாமல் மேலே போகாதீர்கள்.

எடை ஒருபக்கம் சாய்ந்து சுழலும் பழைய வகை மோட்டாரில் வேகமும் வலிமையும் பிணைந்தே இருக்கும். வலிமையைக் கூட்டினால் அதிர்வெண்ணும் மாறிவிடும். சுழற்சி ஏறுவதற்குப் பல பத்து மில்லிவினாடிகளும் பிடிக்கும். சிகிச்சைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னும் பின்னும் ஆடும் நேர்கோட்டு வகையில் ஒரே அதிர்வெண், பெரும்பாலும் 150 முதல் 235 ஹெர்ட்ஸுக்குள் ஒன்று. வலிமையை மட்டும் தனியாக மாற்றலாம். ஸ்பீக்கர் சுருள் வகையும், மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பொருளால் ஆன பீசோ வகையும் இன்னும் நல்லவை, விலைதான் கூடுதல்.

ஒரு சிறிய முடுக்கமானியை மோட்டாரின் மேல் ஒட்டி, விரலில் கட்டிய நிலையிலேயே அளவெடுங்கள். வெறும் மேசைமேல் வைத்து எடுத்தால் அளவு வேறாக இருக்கும். முடுக்கத்தை அசைவாக மாற்றுவது எளிது: முடுக்கத்தை, அதிர்வெண்ணின் 2π மடங்கின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 175 ஹெர்ட்ஸில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) உச்ச முடுக்கம் வந்தால் அசைவு சுமார் 8 மைக்ரோமீட்டர். பத்து வெவ்வேறு அளவுகளில் எடுத்து ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கருவி மாறினாலும், பழைய மோட்டார் பழுதாகிப் புதிது போட்டாலும், நோயாளியின் பதிவு இந்த அட்டவணையால்தான் பொருள்படும்.

பட்டையின் இறுக்கமும் அளவை மாற்றும். சரியான இறுக்கம் வந்ததும் பட்டையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் கட்டுங்கள்.

படி 3: உணர்வெல்லையைக் கண்டுபிடியுங்கள்

ஒருவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மிகச் சிறிய அதிர்வே அவருடைய உணர்வெல்லை. அதைப் பிடிக்கும் விதம்தான் இந்த வழிகாட்டியின் இதயம். 'தெரியுதா?' என்று மட்டும் கேட்டால் பதில் நோயாளியின் குணத்தைப் பொறுத்துவிடும். சிலர் தெரபிஸ்ட் மனம் கோணக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்பார்கள். சிலர் முழு நிச்சயம் வரும்வரை 'இல்லை' என்பார்கள். அதனால் தேர்வு செய்யவைக்கும் முறையே நல்லது.

இரண்டு பீப் ஒலிகள், இடையில் ஒரு வினாடி. அவற்றில் ஏதோ ஒன்றின்போது மட்டும் அரை வினாடி அதிர்வு. எதில் என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கியதுபோல் மாற்றிக்கொண்டே இருக்கும். நோயாளியிடம் இப்படிச் சொல்லலாம்:

"அம்மா, ரெண்டு தடவை பீப் சத்தம் வரும். முதல் சத்தத்திலயா, ரெண்டாவதுலயா, எதுல விரல் அதிர்ந்துச்சுன்னு சொல்லுங்க. தெரியலைன்னாலும் பரவாயில்ல, தோணுறதைச் சொல்லுங்க. தப்பாச் சொன்னா ஒண்ணும் இல்ல."

கடைசி வாக்கியம் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் பலர் யூகிக்கவே மறுப்பார்கள்.

தொடக்க அளவு நன்றாகத் தெரிகிற ஒன்றாக இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு முறை சரியாகச் சொன்னால் ஒரு படி குறைக்கவும். ஒருமுறை தப்பினால் ஒரு படி கூட்டவும். 1971இல் லெவிட் விளக்கிய இந்தப் படிக்கட்டு முறை, நூற்றுக்கு 71 முறை சரியாகச் சொல்லும் அளவில் வந்து நிற்கும். படியின் உயரத்தைக் கூட்டல் கணக்கில் வைக்காமல் பெருக்கல் கணக்கில் வையுங்கள்: முதலில் 1.5 மடங்கு, திசை இரண்டு முறை மாறியபின் 1.2 மடங்கு. காரணம், நம் உணர்வே விகிதத்தில்தான் வேலை செய்கிறது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வெபர் 1834இல் தொடுகை பற்றி எழுதியபோது இதைக் காட்டிவிட்டார்: கையில் ஏற்கனவே கனம் கூடுதலாக இருந்தால், வித்தியாசம் தெரிய இன்னும் அதிக கனம் சேர்க்க வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதுமாகத் திசை எட்டு முறை மாறியதும் நிறுத்திவிட்டு, கடைசி ஆறு திருப்பங்களின் சராசரியை எடுங்கள். அதுதான் எல்லை. ஒரு விரலுக்கு நாற்பது, ஐம்பது கேள்விகள் ஆகும். களைத்துப்போகும் நோயாளியிடம் ஒரே நாளில் ஐந்து விரல்களையும் அளக்க முயல வேண்டாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டும் முதல் நாளுக்குப் போதும், பிடிப்புக்கு அவைதான் அடிப்படை.

மோட்டார் சத்தம் காதில் விழுந்தால் எல்லாம் வீண். நோயாளி விரலால் கண்டுபிடிக்காமல் காதால் கண்டுபிடிப்பார். ஹெட்போனில் இரைச்சல் ஒலி ஓடட்டும். கையைத் துணிமேல் வையுங்கள். மேசைப் பலகை அதிர்வைப் புறங்கைக்கும் முழங்கைக்கும் கொண்டுபோய்விடும்.

பேச்சு பாதிக்கப்பட்டவருக்கு '1', '2' என்று எழுதிய அட்டைகளைக் காட்டச் சொல்லலாம். முதல் பீப்பில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவருக்கு இந்த முறை ஒத்துவராது. அவரிடம் ஆமா, இல்லை என்றே கேளுங்கள். ஆனால் நான்கில் ஒரு முறை அதிர்வே கொடுக்காமல் கேளுங்கள். அந்த வெற்று முறைகளிலும் 'ஆமா' வருகிறது என்றால் அன்றைய அளவை ஏற்காதீர்கள்.

படி 4: கை அசையும்போது மறுபடி அளங்கள்

இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். கையை நாமே அசைக்கும்போது, அந்தக் கையிலிருந்து வரும் தொடு செய்திகளை மூளை ஓரளவு அடக்கிவிடுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கும் இது நடக்கும். ஓய்வில் அளந்த எல்லையை வைத்து, கை நீட்டி எடுக்கும் பயிற்சிக்கு அதிர்வை அமைத்தால், வேண்டிய நொடியில் அது தெரியாமல் போகும்.

ஆகவே நோயாளி உண்மையில் செய்யப்போகும் அசைவையே செய்யவைத்து அளங்கள். கை நீண்டுகொண்டிருக்கும்போது பாதிமுறைகளில் அதிர்வு, பாதிமுறைகளில் வெறுமை, முடிந்ததும் 'வந்துச்சா?' என்ற கேள்வி. சில அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பத்து முறை கொடுத்தால் போதும். படி 3 போலத் துல்லியம் வராது. ஆனால் பயன்படப்போவது இந்த எண்தான்.

படி 5: எண்ணிலிருந்து அளவுகளுக்கு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கருவியின் உச்ச அசைவை 100 என்போம். நோயாளியின் ஆள்காட்டி விரலில் ஓய்வு எல்லை 22. கை அசையும்போது 40. அப்படியானால் நமக்குக் கிடைத்த இடம் 40க்கும் 100க்கும் இடையே மட்டும்தான், இரண்டரை மடங்கு.

இதற்குள் எத்தனை வெவ்வேறு அளவுகளை வைக்கலாம்? ஆரோக்கியமானவர்களுக்கே அதிர்வின் வலிமையில் 10 முதல் 25 சதவீத மாற்றம் இருந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. 25 சதவீதம் என்று எடுத்தால் 40, 50, 62, 78, 97. கணக்கில் ஐந்து அளவுகள். ஆனால் இது அமைதியாக உட்கார்ந்து, கவனம் முழுவதையும் விரலில் வைத்து ஒப்பிட்டால் தெரிகிற வித்தியாசம். டம்ளரைப் பிடிக்கப் போராடுகிறவருக்கு அதெல்லாம் தெரியாது. நான் 1.5 மடங்கு இடைவெளி வைப்பேன்: 60, 90. இரண்டே அளவுகள். லேசான தொடுகைக்கு 60, இறுகப் பிடித்தால் 90. 40இல் எதையும் வைக்க வேண்டாம். எல்லையிலேயே வைத்தால் பாதி நேரம் தவறிவிடும்.

இரண்டு அளவுகள்தானா என்று பொறியாளர்கள் மனம் தளர வேண்டாம். தெளிவாகப் புரியும் இரண்டு செய்திகள், குழப்பும் பத்தைவிட மேலானவை. அசைவு எல்லையே 80, 90 என்று வந்தால் அந்த விரலில் ஒரே செய்திக்குத்தான் இடம். அதை 'தொட்டாய்' என்பதற்கு வையுங்கள்.

தொடர் அதிர்வை நீட்டிக் கொடுத்தாலும் எல்லை உயர்ந்துகொண்டே போகும். தோலும் நரம்பும் பழகிவிடும். சில நிமிடம் ஓய்வு கொடுத்தால்தான் பழைய கூர்மை திரும்பும். பொருளைப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் இரைந்துகொண்டே இருக்கும் விளையாட்டுகள் பத்தாவது நிமிடத்தில் பயனற்றுப் போவது இதனால்தான்.

படி 6: எந்த நொடியில் அதிர வேண்டும்

நிஜ விரல் ஒரு பொருளை எடுக்கும்போது நரம்புகள் சில திருப்பங்களில்தான் உரக்கப் பேசுகின்றன: விரல் பட்டது, பொருள் மேசையை விட்டு எழுந்தது, மறுபடி மேசையைத் தொட்டது, விரல் விலகியது. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ஜோஹான்சன் குழுவினர் பல ஆண்டுகளாகக் காட்டிவந்தது இது. இந்தச் செய்திகளை வைத்தே மூளை அடுத்த அசைவுக்கு மாறுகிறது. விரல் நுனியை மரத்துப்போக வைத்தால், ஆரோக்கியமானவர்களும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

அதனால் இந்த நான்கு நொடிகளிலும் சிறு துடிப்பு கொடுங்கள். ஆரோக்கியமான விரலுக்கு 50 மில்லிவினாடி போதும். எல்லை உயர்ந்தவருக்கு 150, 200 என்று நீட்டுங்கள். நீளம் கூடினால் பசினியனுக்கு எளிதாகத் தெரியும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கே கைகொடுக்கும். படி 3இல் அரை வினாடி அதிர்வில் அளந்த எல்லை குறுந்துடிப்புக்கு அப்படியே பொருந்தாது. படி 4இல் அளக்கும்போது, விளையாட்டில் வரப்போகும் அதே நீளத்தையே பயன்படுத்துங்கள்.

தப்பு செய்தால் மட்டும் அதிரும் விளையாட்டுகளை நான் ஏற்பதில்லை. இதற்கு வேலூரோடு தொடர்புள்ள ஒரு பழைய பாடம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் 1946இல் பணிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்கு முக்கியக் காரணம் சதை அழுகுவதல்ல, வலி தெரியாமல் காயப்படுத்திக்கொள்வதே என்று எடுத்துக்காட்டினார். பிறகு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், இழந்த வலிக்குப் பதிலாகக் கையுறையில் உணரிகளை வைத்து எச்சரிக்கும் கருவி செய்து பார்த்தார். அது கைகொடுக்கவில்லை. செய்ய நினைத்த வேலைக்கு எச்சரிக்கை குறுக்கே வந்தால், நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை, அணைத்தும் வைத்தார்கள். தடுக்க மட்டுமே வரும் செய்தியை மனிதர்கள் விலக்கிவிடுவார்கள். வேலையை நடத்திக்கொடுக்கும் செய்தியை வைத்துக்கொள்வார்கள்.

படி 7: தாமதத்தைப் பாருங்கள்

கண்ணுக்கு டம்ளர் பட்டதும் விரலுக்கு அதிர்வு வருவதும் ஒன்றாகத் தோன்ற வேண்டும். ஆரோக்கியமானவர்கள் 45 மில்லிவினாடி வாக்கிலான பிசகைக் கவனித்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே வையுங்கள். புளூடூத் வழியாகப் போகும் கையுறை, மெதுவாக எழும் மோட்டார் இரண்டும் சேர்ந்தால் 100ஐத் தாண்டுவது எளிது.

அளக்கச் செலவில்லை. நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதியுள்ள கைபேசி போதும். ஒரு படத்துக்குச் சுமார் 4 மில்லிவினாடி. திரையில் தொடுகை நிகழும் காட்சியையும், மோட்டாரோடு இணைத்த எல்இடி விளக்கையும் ஒரே சட்டத்தில் பிடித்து, இடையில் எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். மோட்டார் எழும் நேரம் இதில் சேராது. படி 2இல் முடுக்கமானியில் எடுத்ததை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 8: கண்ணை எப்போது மறைப்பது

2002இல் எர்ன்ஸ்டும் பேங்க்ஸும் நேச்சர் இதழில் காட்டியது இந்த இடத்தில் மிகவும் பயன்படும். கண்ணும் கையும் ஒரே பொருளைப் பற்றிச் செய்தி தரும்போது, எது தெளிவாக இருக்கிறதோ அதற்கே மூளை கூடுதல் எடை கொடுக்கிறது. பாதிக்கப்பட்ட கையின் செய்தி மங்கல். கண் தெளிவு. எனவே நோயாளி முழு விளையாட்டையும் கண்ணாலேயே முடித்துவிடுவார். மதிப்பெண் ஏறும், தொடு உணர்வு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நிஜ மேசையில் கண்ணை மறைக்கத் திரைச்சீலை வேண்டும். மெய்நிகரில் டம்ளரை மட்டும், அல்லது கையை மட்டும், ஒரே நொடியில் மறையச் செய்யலாம். என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையில் தொழில்நுட்பம் தரும் மிகப் பெரிய வசதி இதுதான். முதலில் எல்லாம் தெரியட்டும். அப்புறம் பொருள் மங்கட்டும். அப்புறம் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு, அதிர்வை மட்டும் வைத்துப் பொருள் எங்கே இருக்கிறது என்று தேடட்டும். தேடி முடித்ததும் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். தான் உணர்ந்தது சரியா என்று அவரே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் லீயன் கேரி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வு வேறுபாட்டைக் கற்பிக்கும் பயிற்சியும் இதே போக்கில்தான் இருந்தது: கண்ணை மறைத்துக் கவனமாகத் தொட்டுப் பார்ப்பது, உடனே சரியா என்று அறிவது, மறு கையோடு ஒப்பிடுவது, மெல்ல மெல்லக் கடினமாக்குவது. அவர்கள் பயன்படுத்தியவை நிஜப் பொருட்கள். பலன் கிடைத்தது. மெய்நிகர் பயிற்சிக்கு அந்த ஒழுங்கைக் கடன் வாங்குங்கள்.

படி 9: விரலில் ஒன்றுமே தெரியாவிட்டால்

உச்ச அளவிலும் தெரியவில்லை என்றால் அதிர்வை முன்கைக்கோ மேல்கைக்கோ மாற்றலாம். அங்கே தோலின் கூர்மை வெகுவாகக் குறைவு. விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு முனைகளைத் தனித்தனியாக உணரலாம். முன்கையில் அதற்குச் சுமார் 4 சென்டிமீட்டர் வேண்டும். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என்று இரண்டு மோட்டார் வைத்தால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். இடம் மாறினால் படி 3இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

எல்லைக்குக் கீழே, நோயாளிக்குத் தெரியாத அளவில், ஒழுங்கற்ற அதிர்வு கொடுத்தால் மங்கலான தொடுகை தெளிவாகிறது என்று 1996இல் காலின்ஸ் குழுவினர் காட்டினார்கள். மணிக்கட்டில் இப்படிப்பட்ட அதிர்வைக் கொடுத்துப் பக்கவாத நோயாளிகளின் கைப் பயிற்சியோடு சேர்க்கும் ஆய்வுகளும் அமெரிக்காவில் நடந்துவருகின்றன. இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் இதை ஆர்வத்தோடு கவனிக்கிறேன்; வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் கட்டம் வரவில்லை.

படி 10: குறைப்பதும், மறுபடி அளப்பதும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படி 3, படி 4 இரண்டையும் அதே நேரத்தில், கையை அதேபோல் சூடாக்கி, பட்டையை அதே கோட்டில் கட்டி மறுபடி அளங்கள். எல்லை இறங்கியிருந்தால் அதிர்வையும் இறக்குங்கள். வசதியாக இருக்கிறதே என்று பழைய அளவிலேயே விட்டால், கவனித்து உணர வேண்டிய வேலையை நோயாளியிடமிருந்து நாமே பறித்தவர்களாவோம். எல்லை திடீரென ஏறியிருந்தால் முதலில் கருவியைச் சோதியுங்கள். கருவி சரியென்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னூட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதையே நம்பிப் பழகிவிடுவார்கள் என்று இயக்கக் கற்றல் ஆய்வாளர்கள் 1984லேயே எச்சரித்திருக்கிறார்கள். நான்கு தொடுகைகளில் மூன்றுக்கு, பிறகு இரண்டுக்கு, பிறகு ஒன்றுக்கு என்று அதிர்வைக் குறைத்துவாருங்கள். ஒவ்வொரு அமர்வின் கடைசிப் பத்து நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நிஜப் பொருட்களுக்கு: எவர்சில்வர் டம்ளர், சட்டைப் பொத்தான், பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடி எடுப்பது. அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை முறை டம்ளர் வழுக்கியது, சாவியை எடுக்க எத்தனை நொடி ஆனது என்பதை மெய்நிகர் மதிப்பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நகராவிட்டால் படி 4இலும் படி 8இலும் திரும்பிப் போய்த் தேடுங்கள். சிக்கல் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.